தலைக்கு மேல் கைதட்டு

அம்பத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் பி.டி. மிஸ்ஸாக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மைதானத்தில் உங்கள் முதல் எதிரி வெயில் இல்லை, சீஃப் கெஸ்ட்.

ஆவடியில் ஒரு போட்டி. எங்கள் ஷமீம் பூந்தமல்லிப் பெண், பிளஸ் டூ. முந்தின வருஷம் வார்ம்-அப் இல்லாமல் ஓடி, தொடை பிடித்துப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த இருநூறு மீட்டரில் ஜெயித்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். வேறு வாய்ப்பு கிடையாது.

எட்டரைக்கே வார்ம்-அப்பை முடித்துத் தயாராக இருந்தோம். ஒன்பதுக்கு வரவேண்டிய சீஃப் கெஸ்ட் பத்துக்கு வந்து மைக்கைப் பிடித்தார். மழை விட்ட குளிர் காற்று. வரிசையில் யாரும் அசையக் கூடாதென்று உத்தரவு.

"மிஸ், காலு மறுபடி இறுகிக்கினு வருது," என்றாள் ஷமீம்.

அசையத்தானே கூடாது? கைதட்டக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே!

"அவரு மூச்சு வாங்கறப்பல்லாம் தலைக்கு மேல கையத் தூக்கி, குதிகால எழுப்பித் தட்டுங்கடி," என்றேன்.

தட்டினார்கள் பாருங்கள், மனுஷனுக்கு ஜென்மத்தில் அப்படியொரு வரவேற்பு கிடைத்திருக்காது. உச்சி குளிர்ந்து, தன் பள்ளிக்கூட நாட்களை எடுத்துவிட்டார். இன்னும் தட்டினோம். அவருடைய மாமனார் கதையும் வந்தது. மற்ற பள்ளி மிஸ்கள் என்னை முறைத்தார்கள்.

"மிஸ், சூடாயிட்சு. இன்னும் தட்டுனா ஓட தெம்பு இருக்காது," என்றாள் ஷமீம், வியர்வையைத் துடைத்தபடி.

உடனே கூல்-டவுன். ஷமீமை நிறுத்தச் சொல்லிவிட்டு, மற்றவர்களின் தட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கி, விரல் நுனிக்குக் கொண்டுவந்தேன். அவருக்கும் சுருதி இறங்கியது. இரண்டே நிமிஷத்தில் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

ஷமீம் முதலாவதாக வந்தாள். நான் ஓரமாக நின்று அழுதேன். கோப்பையைக் கொடுத்தபோது அவர், "என் பேச்சுதானேம்மா உன்னை ஓட வெச்சுது?" என்று கேட்டார்.

"ஆமா சார்," என்றாள். அதில் பொய்யே இல்லை.

போன வருஷம் எனக்குப் பிரிவு உபசார விழா. நானும் மைக்கைப் பிடித்தேன். கடைசி வரிசையில் ஷமீம். இப்போது அவளும் ஒரு பள்ளியில் பி.டி. மிஸ். தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினாள். பெருமை தாங்காமல் இன்னொரு கதையை ஆரம்பித்தேன். பிறகு கவனித்தேன், அவளுடைய தட்டல் மெதுவாகிக்கொண்டே வந்தது. விரல் நுனிக்கு வந்ததும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கழுதைக்கு.