ஒன்பது படி ஏற மறுத்த பசு

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தை மாதக் காலையில், கள்ளக்குறிச்சியில் என் புதுவீட்டு வாசலில் நடந்தது இது. கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு விளைந்த நிலங்கள் மனைகளாகி, மனைகள் நகர்களாகி, ஒவ்வொரு நகரும் தன்னைச் சென்னையின் ஒரு துண்டாகக் கருதத் தொடங்கியிருந்த காலம். ஒரு வீட்டின் முகப்பு முழுவதும் கண்ணாடி; அடுத்ததன் முகப்பில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள்; இன்னொன்றின் மாடியில் கால்பந்து வடிவத் தண்ணீர்த் தொட்டி.

அழகில் போட்டியிட எனக்கு விருப்பமில்லை, உயரத்தில் போட்டியிட்டேன். எங்கள் நகரில் வீடு கட்டுவோர் அனைவரும் பக்கத்து வீட்டைவிட அரை அடியேனும் உயர்த்தித்தான் ‘பேஸ்மட்டம்’ எனும் அடித்தளம் போடுவார்கள். மழைநீர் அடுத்தவர் பக்கம் போகவேண்டும் என்பதே அதன் தத்துவம். பக்கத்து வீட்டுக்காரர் கடைவீதியில் தானியக் கடை வைத்திருக்கும் இஸ்லாமியர். அவர் வீடு இரண்டடி உயரம். நான் நாலரை அடி உயர்த்தினேன். ஒன்பது படிகள், ஒன்பதும் முகம் பார்க்கலாம்படி மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்.

புதுமனை புகுவிழாவன்று ஏழரை மணிக்குள் பசுவும் கன்றும் முதலில் உள்ளே நுழைய வேண்டும். பிறகே பால் காய்ச்ச வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகை வீடுகளில் வாழ்ந்த என் மனைவிக்கு, அந்த நேரம் தவறினால் வீடே தவறியதற்குச் சமம்.

வடக்கனந்தலிலிருந்து சிறு சரக்கு வண்டியில் பசு வந்திறங்கியது. முதற்படியில் ஒரு குளம்பை வைத்தது, வழுக்கியது, பின்வாங்கியது. பிறகு இழுத்தும் பயனில்லை, தள்ளியும் பயனில்லை.

“கண்ணாடி மாதிரி போட்டுக்கினு மாட்ட ஏறச் சொன்னா எப்டிங்க ஏறும்? நானே சுவத்தப் புடிச்சிக்கினுதான் ஏறினேன்,” என்றார் மாட்டுக்காரர்.

“மாமா, படிக்குப் பதிலா லிப்ட்டு வெச்சிருக்கலாம்,” என்றான் என் மைத்துனன்.

மனைவி சிரிக்கவில்லை. “மணி ஏழு பத்துங்க,” என்றாள்.

கயிறு சற்றே தளர்ந்தது, பசு திரும்பியது. பக்கத்து வீட்டு வாசலில், இருசக்கர வண்டி ஏற்றுவதற்கான சொரசொரப்பான சிமெண்டுச் சாய்தளம் இருந்தது. பசு அதில் நிதானமாக ஏறி, கன்று பின்தொடர, திறந்திருந்த கதவின் வழியே கூடத்துக்குள் போய் நின்றது. நாங்கள் ஓடிச் சேர்வதற்குள், புதுமனையில் பசு செய்தால் பெருமங்கலம் என்று எல்லாரும் காத்திருக்கும் இரண்டு காரியங்களையும் அங்கேயே செய்து முடித்துவிட்டது.

புரோகிதர் எட்டிப் பார்த்தார். “சகுனம் பிரமாதம். வீடுதான் மாறிப்போச்சு,” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தேநீர்க் குவளையோடு நாற்காலியில் அமர்ந்திருந்த வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். “இன்னா சார், மூணு வருசமா குடியிருக்கிற வூட்டுக்கு இன்னிக்குத்தான் கிரகப்பிரவேசம் ஆச்சு!”

அவர் மனைவி வாளியோடு வந்தார். “சிரிச்சிக்கினே உக்காந்திருக்காதீங்க. அவங்களுக்கு நேரம் போய்க்கினு இருக்குது. சாக்க எடுத்துக்கினு வாங்க,” என்று அவரை விரட்டினார்.

அவர் கடைச் சாக்குகளை அள்ளிவந்தார். கைலியை மடித்துக் கட்டி, சாக்குகளை நனைத்து, குனிந்து குனிந்து ஒவ்வொரு படியிலும் தாமே விரித்தார். பிறகு பசுவின் கழுத்தைத் தட்டி, “வாம்மா, அதுவும் நம்ம வூடுதான்,” என்றார். பசு மறுபேச்சின்றி ஏறியது. மணி ஏழு இருபத்தேழு. மனைவி அழுதுகொண்டே அடுப்பில் பால் வைத்தாள். பொங்கிய பாலின் முதல் தம்ளர் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

அவர்கள் தடுத்தும் கேளாமல், கூடத்தை நானும் மைத்துனனும் கழுவிவிட்டோம். வேலை முடிந்து அந்த வாசலில் நிமிர்ந்தபோதுதான், அங்கிருந்து என் வீட்டை முதன்முறையாகப் பார்த்தேன். அது வீடாகத் தெரியவில்லை. அவர்கள் சன்னலை மறைத்து எழுந்த மதிலாகத் தெரிந்தது. கட்டி முடியும்வரை அவர் அதுபற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. மறுமாதமே குழாய் பதித்து, என் கூரை நீரைத் தெருக்கால்வாய்க்குத் திருப்பினேன். சன்னலுக்குத்தான் மாற்று இல்லை.

வீடு கட்டுவோர் எவரேனும் இப்போது என்னிடம் யோசனை கேட்டால், பக்கத்து வீட்டு வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் பிறகு உயரத்தைக் குறியுங்கள் என்கிறேன். அந்த வாசலுக்கு என்னை அழைத்துப் போக ஒரு பசு தேவைப்பட்டது.