ஒரு நாள் முன்னதாக

என் தம்பி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பதினாறு வருஷமாக இதே வேலை. சும்மா சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பான். வீட்டில் அவனுக்கு ‘செக்கர்’ என்றே பெயர்.

விவாகரத்துக்குப் பிறகு பத்து வயது மகளின் பள்ளி விடுமுறையைக் கோர்ட் இரண்டாகப் பிரித்தது. முதல் பாதி அம்மாவிடம், அடுத்த பாதி அப்பாவிடம். ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள் என்பதால் பிள்ளையை ஒப்படைக்கும் இடம் என் ஜெராக்ஸ் கடை. அந்த ஆர்டரை என்னிடமே லேமினேட் போட்டு வாங்கி வைத்திருக்கிறான். வியாழக்கிழமை காலை பத்து மணி என்று இருக்கிறது. அம்மாக்காரி பத்து ஐந்துக்கு வந்தால் நோட்டில் குறிப்பான். ஐந்து நிமிஷம் முன்னால் வந்தால் அதையும் குறிப்பான். பிறகு மகளின் கையிலிருக்கும் பஸ் டிக்கெட்டை வாங்கி எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்று பார்ப்பான். அப்புறம் குழந்தையின் பையைக் கிளறுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பெத்த பொண்ணுடா. ஓசியில ஏறின ஆள் இல்ல.”

“உனக்குத் தெரியாது அக்கா. அவ அம்மா என்ன சொல்லிக் குடுத்து அனுப்பறாளோ, யாருக்குத் தெரியும்?”

போன விடுமுறையில் வியாழக்கிழமை வர வேண்டியவர்கள் புதன்கிழமையே வந்தார்கள். குழந்தையின் அம்மா முதல் நாளே எனக்கு போன் செய்திருந்தாள். நான்தான் தம்பியை வரச் சொன்னேன். குழந்தை வாயெல்லாம் பல்லாக நின்றாள். இவன் டிக்கெட்டைத்தான் பார்த்தான். கோர்ட் ஸ்டாப்பில் ஏறியிருந்தார்கள்.

“கோர்ட்டுல உனக்கென்ன வேல?”

“வக்கீலப் பார்த்துட்டு வரேன். ஒரு நாள் முன்னால விட்டதையே நீங்க கேஸாக்கிட்டா? அதான் எழுதி வாங்கிக்கச் சொன்னார்.”

ஒரு தாளை நீட்டினாள். குழந்தையின் விருப்பப்படி ஒரு நாள் முன்னதாக ஒப்படைக்கிறேன் என்று எழுதி, அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அடியில் பென்சிலில் கோணல்மாணலாக, ‘நான்தான் கேட்டேன்.’

அவன் தாளை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“இத அம்மா எழுதச் சொன்னாங்களா?”

“இல்லப்பா. நானே.”

“அப்ப ஏன் பென்சில்ல எழுதின?”

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். “பாத்தியா, யார் முகத்தப் பாக்கறான்னு!” என்றான் என்னிடம். தாளை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னான். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதையும் எடுத்துக் கொடுத்தேன்.

“சும்மா ஒருத்தி ஒரு நாளைத் தூக்கிக் குடுப்பாளா? இதுல என்னமோ வில்லங்கம் இருக்கு. ஆர்டர்ல வியாழக்கிழமை. வியாழக்கிழமையே வரட்டும்.”

எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது. பொய் சொல்வானேன், வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு அறுக்கிறது. குழந்தை பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் வந்தாள். பாதி விடுமுறை முழுக்க இருந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் போன பிறகு தம்பி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நிஜமாவே அவளாத்தான் கேட்டிருப்பாளோ, அக்கா?”

“இப்பவாவது கேட்டியே” என்றேன்.

இந்த விடுமுறைக்கு நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். புதன்கிழமையும் வந்து காத்திருந்தான்; டியூட்டி இந்தப் பக்கம் என்று புளுகினான். யாரும் வரவில்லை. வியாழன் காலை சரியாகப் பத்துக்குக் குழந்தை உள்ளே வந்தாள். பையை ஜெராக்ஸ் மிஷின் மேல் வைத்து எல்லா ஜிப்பையும் திறந்துவிட்டாள். டிக்கெட்டை அவன் முன்னால் நீட்டினாள்.

“பாத்துக்கோங்கப்பா.”

“வேணாம்மா. உள்ள வை.”

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டான். அதைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“நேத்தே வந்திருக்கலாமேம்மா?”

“ஆர்டர்ல வியாழக்கிழமைதானேப்பா” என்றாள்.