மாண்டலே பட்டியலில் இல்லாதவன்

போன வாரம் ரங்கூன் லத்தாப் பேட்டையில் ஒரு கடை வாசலில் புதுப் பந்துகளை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை நடைபாதை முழுக்க. நான் வாங்கப் போனது இஞ்சி. அதை மறந்துவிட்டுப் பல் போன கிழவன் பந்தை மோந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக் கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரிக்கட்டும். இந்தப் பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்தவர் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து கோச்.

மணிலாக்காரர். பெயர் ரமோன். அறுபதுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். குள்ளமான மனிதர், பயிற்சி தொடங்குமுன் பந்தை ஒருமுறை மோந்து பார்ப்பார், ஏனென்று கேட்டால் சொல்லமாட்டார். பர்மாவில் சொல்லிக்கொடுப்பவர் எல்லாரும் சயாதான், அவரும் எங்களுக்குச் சயா. இங்கிலீஷும் உடைந்த பர்மியமுமாக அவர் பேசியதை இங்கே நான் தமிழாக்கித் தருகிறேன். அவரிடம் ஒரு விதி உண்டு. யாருக்குப் பந்து போடுகிறோமோ அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் போடவேண்டும். மறந்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று. படித்ததைவிட நான் சுற்றியதுதான் அதிகம்.

என்னை 'தான் மௌங்' என்று கூப்பிடுவார்கள். ரங்கூனை ஒட்டிய இன்சீனிலிருந்து ரயிலில் வரும் தமிழ்ப் பையன்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு பர்மியப் பெயர் இருந்தது. முதல் வகுப்பு ஆசிரியை வைத்தது, கல்லூரிப் பதிவேடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அப்பா ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. அவரிடம் இருந்தது வெளிநாட்டவர் அட்டை. இன்சீனிலேயே பிறந்த எனக்கும் அதே அட்டைதான். கைலி கட்டி, வெற்றிலை போட்டு, பர்மியம் பேசுகிறவனிடம் அதை யார் கேட்கப்போகிறார்கள்?

ஒரு சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து நேராகப் பயிற்சிக்குப் போனேன். நெற்றியில் சாம்பல் சிலுவை. "பொழுது சாயற வரைக்கும் அதத் தொடப்படாது, சொல்லிட்டேன்" என்று அம்மா மிரட்டி அனுப்பியிருந்தாள். மைதானத்தில் எல்லா நெற்றியும் சுத்தமாக இருந்தது, இரண்டைத் தவிர. சயா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் கியாக்டடாப் பேட்டையில் அவருடைய அறைக்குப் போவேன். வினிகரும் பூண்டும் போட்டுக் கோழி சமைப்பார். புளிப்பு வாசனை மாடிப்படியிலேயே நம்மைப் பிடித்துக்கொள்ளும். "உன் ஞானஸ்நானப் பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். இங்கே அதை எழுதப்போவதில்லை, ஒருமுறை சொல்லிப் பட்டது போதும். அட்டை விஷயத்தையும் நானாகத்தான் சொன்னேன். "எங்கிட்டயும் அதே அட்டைதான்" என்று பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். கூடப்பிறந்த அண்ணன் கிடைத்துவிட்டார் என்றே நம்பினேன். என்ன அப்பாவி!

இதற்குள் ராணுவ ஆட்சி வந்து, எங்கு பார்த்தாலும் அட்டையைப் பற்றியே பேச்சு. அந்த வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி மாண்டலேயில். எல்லா ஆட்டத்திலும் பந்தை முன்னே கொண்டுபோகும் ஆளாக முதலில் இறங்கியவன் நான். ரங்கூனைத் தாண்டி எங்கும் போனதில்லை. அம்மா முறுக்கு சுட்டு டின்னில் அடைத்தே விட்டாள். கல்லூரிப் பலகையில் ஒட்டிய குழுப் பட்டியலில் என் பெயர் இல்லை. கல்லூரி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே குமாஸ்தாவாக இருந்த அந்தோணி அண்ணன் எங்கள் ரயில் சிநேகிதர். என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"அட்டைக்காரப் பசங்க வெளியூர் போகக்கூடாதாம், யார் யாருன்னு மேல கேட்டாங்க தம்பி. சயா உன் பேர எழுதிக் குடுத்துட்டாரு."

"தான் மௌங்னா?"

"ஞானஸ்நானப் பேரையும் சேத்துத்தான். எனக்கே அது இன்னிக்குத்தான் தெரியும்."

மைதானத்துக்குப் போனேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"ஏன் சயா?"

அவர் கையிலிருந்த பந்தையே பார்த்தார். "அடுத்த மாசம் என் அட்டையப் புதுப்பிக்கணும். பேர் குடுத்தாத்தான் ஆகும்னாங்க. ஊர்ல மூணு பிள்ளைங்க."

"அதுக்கு என் பேரா?"

"நீ புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன்."

இதுதான் என்னைக் கொன்றது. பயத்தில் செய்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவன் என்பதாலேயே என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். திரும்பி நடந்தேன். பின்னால் அத்தனை பேருக்கும் கேட்க என் ஞானஸ்நானப் பெயரைக் கூப்பிட்டுப் பந்தைப் போட்டார். அது என் முழங்காலை உரசிக்கொண்டு போய் வேலியில் முட்டியது. நான் கை நீட்டவில்லை.

குழு மாண்டலேயில் தோற்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லவில்லை. சயாவின் அட்டையையும் புதுப்பிக்கவில்லை. புறப்படுமுன் எங்கள் வீடு தேடி வந்தார். "வெளிய வாடா, ஊருக்குப் போற மனுஷன்" என்று அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். நான் பின்கட்டிலேயே இருந்துவிட்டேன்.

அந்த மைதானத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அந்தோணி அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். அப்படியே ஒவ்வொருவராகப் போக, இன்சீன் ரயிலில் தமிழ்ச் சத்தம் நின்றுபோனது. அம்மாவும் கண்ணை மூடியபின் அந்த ஞானஸ்நானப் பெயரில் என்னைக் கூப்பிட இந்த ஊரில் யாருமில்லை. என் பிள்ளைகளுக்கு அது தெரியாது. சொன்னால்தான் என்ன என்று சில நாள் வாய்வரை வரும். பெற்ற பிள்ளைகள்தான், ஆனாலும் பயமாக இருக்கிறது.