மஸீஹாவின் தடாக வீடு

அலுவிகாரையில் எங்கள் ஒழுங்கையில் நீச்சல் தடாகம் உள்ள ஒரே வீடு மஸீஹாவினுடையது. பார்க்கிறவர்கள் அவளைக் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். என்னத்தைக் கொடுத்து வைத்தாள்! நான் பக்கத்து வீட்டு ஸுபைதா. அங்கே தொங்குகிற திரைச்சீலைகள் எல்லாம் என் மெஷினில் தைத்தவை. அந்தத் தடாகத்தின் கதை எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

மஸீஹாவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கண்டி டொக்டர், "தண்ணிக்குள்ள நடங்க, பாரம் தெரியாது. விட்டீங்கண்டா காலு இறுகிடும்" என்றார். சொல்வது லேசு. முக்காடு போட்ட பெண் எந்த ஹோட்டல் தடாகத்தில் போய் இறங்குவாள்? அவள் கணவர் ஹுசைன் டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர், பெண்சாதி மேல் உயிர். "வீட்டுக்குப் பின்னாலயே வெட்டுவோம், ஒனக்கு எப்படி வேணுமோ அப்படிச் சொல்லு" என்று விட்டுவிட்டார்.

அவள் சொன்ன மாதிரி இருக்கிறதே! மேசன் பாஸ் தலையில் கை வைத்துவிட்டார். சுற்றுச்சுவர் எழும்ப எழும்ப என்னை என் வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டு, இவள் சுவருக்கு உள்ளே நின்று கேட்பாள்.

"தெரியுதா ராத்தா?"

"ஒன் தலை தெரியுதுடி!"

இன்னொரு வரிசை கல் ஏறும். காற்று வரப் பூக்கல், உடுப்பு மாற்ற அறை, அபாயா கொழுவ மரக்கொக்கி, உட்கார அகலமான வாங்கு, வழுக்காத டைல்ஸ், தண்ணீருக்குள் இறங்கத் தாழ்வான படிகள், பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி. வீடு கட்டியபோதுகூட அவள் வாயைத் திறந்ததில்லை. திரைச்சீலைக்கு இளம்பச்சைத் துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "இதுல சுருக்கு நல்லா வச்சுத் தைங்க" என்றபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மாஷா அல்லாஹ், கல்யாணப் பெண் தோற்றாள்.

தண்ணீர் நிரப்புகிற நேரம் பார்த்து மகன் ஷிஃபான் வேலை பறிபோய் டுபாயிலிருந்து வந்து நின்றான். கையில் போன். நாலு படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டான். யாரும் எட்டிப் பார்க்க முடியாத தடாகம் என்றதும் ரிவர்ஸ்டன் மலை பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள் வரிசை கட்டினார்கள். அவர்கள் வீட்டு மாடி அறைகள் வாடகைக்குப் போயின. "கொஞ்ச நாளைக்குத்தான் உம்மா" என்றான். பிறகு, "இந்தக் கம்பி ஆஸ்பத்திரி மாதிரி ஈக்கு, படத்துல அசிங்கம்" என்றான்.

இவள் சிரித்துக்கொண்டே, "ஆமா மகன், எடுத்துடுங்க" என்றாளே பாருங்கள்! அவன் அந்தப் பக்கம் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அடி பைத்தியமே, அது ஒனக்கு வச்சதுடி!"

"விடுங்க ராத்தா, வேலையில்லாத புள்ள. ஆள் இல்லாத நாளாப் பாத்து நான் எறங்கிக்குவேன்."

ஆள் இல்லாத நாளாம்! நோன்பு மாதத்தில்கூட ஆட்கள் இருந்தார்கள். மஸீஹா வாங்கின் மேல் பூ வைப்பாள், துவாய் மடித்து வைப்பாள், அவர்கள் போன பிறகு ஈரத்துவாய்களைக் குனிந்து குனிந்து பொறுக்குவாள். ஹுசைனுக்கு நான் சொல்லாத சொல் இல்லை. "மகன் தலையெடுக்கட்டும்" என்றார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதராக இருந்து என்ன பிரயோசனம்?

போன பெருமழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. வர இருந்தவர்கள் வரவில்லை. மழை விட்ட காலையில் மஸீஹா என்னைக் கூப்பிட்டாள். நீளச் சட்டை போட்டு, தலைமுடியை இறுகக் கட்டி நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டோம்.

முதல் படியில் காலை வைத்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அடுத்த படிக்கு முழங்கால் மடங்கவில்லை. என் கையை நெரித்துப் பிடித்தாள், "யா அல்லாஹ்" என்று கத்தினாள். இருவரும் அப்படியே ஓரத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

"கம்பிய இன்டைக்கே திரும்பப் போடச் சொல்றேன். அவனா நானா பாப்போம்" என்றேன்.

"போட்டும் வேலையில்ல ராத்தா. காலு இறுகிட்டு, இனி தண்ணில நடந்தும் சரிவராதுன்னு டொக்டர் போன மாசமே சொல்லிட்டாரு. வீட்டுல யாருக்கும் சொல்லல்ல. ஒரு தடவ சும்மா நின்டு பாக்கத்தான் வந்தேன்."

நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஷிஃபான் போனில் அழைத்தான். ரோடு திறந்துவிட்டதாம், பின்னேரம் ஆட்கள் வருகிறார்களாம். "சரி மகன், உம்மா எல்லாம் ரெடி பண்ணி வைக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, தரையில் கை ஊன்றி எழும்பப் பார்த்தாள். எழும்ப முடியவில்லை.