சந்தனக் கன்றுக்கு மடி

கல்யாணமாகி நான் ஸ்ரீவராகத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், மாமனார் காட்டு ஆபீசில் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி ஒரு சந்தனக் கன்று வாங்கி வந்தார். பூஜைக்கு அரைக்க வீட்டுக் கட்டையே வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. மரத்தை வெட்டச் சர்க்கார் உத்தரவு வேண்டும். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சட்டியில் கன்றோடு வேறொரு செடியும் இருந்தது. அதைக் களை என்று பிடுங்கி எறிந்தார். அது களை இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் செங்கோட்டைப் பக்கத்தவள். அங்கே மலையடிவாரத்துச் சரளை மண்ணில், குருவி எச்சம் விழுந்த முள்புதருக்குள்தான் சந்தனம் முளைக்கும். கன்று தனியாக நின்று பார்த்ததே இல்லை. பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் அது பிழைக்கும். ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

இங்கேயோ கன்றைச் சுற்றி ஒரு புல் இல்லாமல் செதுக்கி, சாணி மெழுகி, கோலமும் போட்டாயிற்று. குளித்து மடியாக இருப்பவர்தான் தண்ணீர் விடலாம்.

மாமனாரிடம் நான் நேரே பேசுவதில்லை. கணவருக்கு மோர் விட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இன்னொண்ணோட எச்சலக் குடிக்கற மரத்தையா சுவாமிக்கு அரைக்கறது? இத அப்பாட்ட சொன்னா ரெண்டு நாள் சாப்பிட மாட்டார், கேட்டியா. நீ சும்மா இரு.”

சும்மா இருக்க முடியவில்லை. முழுத்துவரை நாலு மணியை எடுத்துக் கன்றின் அடியில் அழுத்திவிட்டேன். முளைத்தது. கன்றும் தளிர் விட்டது. மாமனாருக்குக் கண் மங்கல். துவரையையும் சந்தனத்தின் கிளை என்றே நினைத்து, தம் ஜபத்தின் பலன் என்று எல்லோரிடமும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

துவரை மஞ்சளாகப் பூத்தபோது மாமியார் கண்டுகொண்டார். எங்கிருந்தோ விழுந்த விதை என்று அன்றே துவரையை வேரோடு பிடுங்கினார்கள். அடுத்த மாசம் கன்று கருகியது.

மாமியார் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். “உள்ளதச் சொல்லு. ஒதுங்கியிருந்த நாள்ல அந்தப் பக்கம் போனியோ?”

“இல்லம்மா.”

“பின்ன எப்படிக் கருகும்?”

எப்படிக் கருகும் என்று எனக்குத் தெரியும். துவரை போட்டவள் நான்தான் என்று சொன்னால் அதையே காரணமாக்குவார்கள். பேசாமல் நின்றேன். பேசாததையே ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டார்கள்.

அதற்குள் மாமனார் இன்னொரு கன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டார். அதை என் கண்ணில் படாமல் வைப்பதென்று மட்டும் முடிவாயிற்று.