பூட்டிய வீடுகள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ் அக்கா’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவள். மற்றவர்கள் பத்து நாள் இழுக்கும் இருநூறு வீட்டை ஆறே நாளில் முடித்து, படிவக் கட்டை மேசையில் தொப்பென்று போடுவாள். “எனக்குக் கால்ல சக்கரம்” என்று பீற்றல் வேறு.

சக்கரமாவது மண்ணாவது! மணி அடித்துவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவாள். கதவு திறக்காவிட்டால் ‘பூட்டிய வீடு’ என்று கிறுக்கிவிட்டு, அதற்குப் பதிலாக அடுத்த வீட்டைச் சேர்த்துக்கொள்வாள். நின்று பார்க்க வேண்டும், மூன்று முறை திரும்ப வர வேண்டும் என்பதெல்லாம் விதி. அது படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்த முறை மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“அக்கா, இந்த ஊர்ல பத்து வீட்டுல ஒரு வீட்டுல ஆள் தனியாத்தான் இருக்காங்க. இருநூறுக்கு இருபது வரணும். உங்க கணக்குல மூணுதான் இருக்கு.”

“கொஞ்சம் முன்னப் பின்ன வரும்ல மேடம்?”

“வரும். பதினாலு வந்தாலும் கேக்க மாட்டேன், இருபத்தாறு வந்தாலும் கேக்க மாட்டேன். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டே பாத்துட்டேன். மூணுங்கறது தற்செயலா வர்ற எண்ணே இல்லக்கா. தனியா இருக்கவங்களை வீட்டுக்கே வந்து பாக்க நர்ஸ் போடப்போறாங்க. மூணு பேர்தான்னா அந்தப் பகுதிக்கு நர்ஸே கிடையாது.”

அவள் மேசையில் கிடந்த தன் படிவக் கட்டைப் பார்த்தாள்.

“உங்களைச் சொல்லலக்கா. வீட்டுப் பட்டியல் போட்டவர்தான் அந்த வீடுகளை விட்டுட்டு சொதப்பியிருப்பாரு. நாளைக்கு அவருக்கு மெமோ குடுத்துடறேன்.”

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. “சரி மேடம்” என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். நடைவழியில் பட்டியல்காரர் எதிர்ப்பட்டு, “சாப்டீங்களாக்கா?” என்றார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கக் கூசியது. இவ்வளவு கேவலமாகத் தன்னைப் பற்றி அவள் என்றைக்கும் நினைத்ததில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகாமல், ‘பூட்டிய’ வீடுகளில் முதல் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. மணி அடித்தாள். பத்து எண்ணி முடிந்ததும் கால் தானாகப் படிப்பக்கம் திரும்பியது. இழுத்துப் பிடித்து நின்றாள். அறுபது. எண்பது. உள்ளே ஏதோ தரையில் உரசும் சத்தம். நூற்று முப்பதில் தாழ்ப்பாள் விலகியது.

வாக்கரைப் பிடித்தபடி ஒரு முதியவர் மூச்சு வாங்க நின்றார்.

“கணக்கெடுக்க வந்தேங்க ஐயா. வீட்டுல எத்தனை பேர்?”

“நான் ஒருத்தன்தாம்மா. போன மாசமும் வந்தீங்கல்ல? எழுந்து வர்றதுக்குள்ள நீங்க படி இறங்கிட்டீங்க. கூப்பிட்டுப் பாத்தேன், கேக்கல போலிருக்கு.” அவர் சங்கடமாகச் சிரித்தார். “உங்களை ரெண்டாவது தடவ அலைய வெச்சுட்டேன். மன்னிச்சுக்கோம்மா.”

அவள் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தாள்.

“மேடம், மெமோ அவருக்கு வேண்டாம். பட்டியல் சரியாத்தான் இருக்கு. தனியா இருக்கவங்க வீட்டு வாசல்ல நான்தான் நிக்கல.”