பாதி வந்த போட்டோ
இப்போது இருக்கும் வைட்ஃபீல்ட் வீட்டில் எங்கள் பழைய கம்ப்யூட்டரை எடுத்து இணையத்தில் இணைத்தேன். அதன் பிரவுசரில் இந்தக் கால இணையப் பக்கம் ஒன்றும் திறக்கவில்லை. சூடேறிய தூசியின் வாசனை மட்டும் வந்தது.

முன்பு இருந்த சிவாஜிநகர் வீட்டிலும் அதே வாசனைதான். துபாய்க்கு நர்ஸ் வேலைக்குப் போயிருந்த அக்கா மெயிலில் போட்டோ அனுப்புவாள். மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் படம் மேலிருந்து கோடுகோடாக இறங்கும். அம்மா ஈரக்கையோடு வந்து நிற்பாள். ஒருநாள் படம் அக்காவின் கண்வரை வந்ததும் இணைப்பு அறுந்தது.

"திரும்பப் போடட்டுமாம்மா?" என்றேன்.

"ஸ்வல்ப இரு, கொஞ்சம் பொறு. அழுதிருக்கா பாரு," என்ற அம்மா, அப்போதே அக்காவுக்குப் போன் போட்டு, "வந்துடு கண்ணு" என்றாள். அடுத்த மாதம் அக்கா வந்துவிட்டாள்.

இப்போதும் ஓசூரிலிருந்து அக்கா போட்டோ அனுப்புகிறாள். போனில் நொடியில் வந்துவிடுகிறது. அன்றுபோல அவ்வளவு நேரம் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க அம்மாதான் இல்லை.